மூன்றாவது ஒயர்

பதினெட்டு வருடம் புவியியல் நடத்தியவள் நான்.
பள்ளியை மூடிவிட்டார்கள்.
இப்போது நாற்பத்து நான்கு வயதில்
முதுகில் 'பயிற்சி' என்று அச்சடித்த சட்டை.
எனக்குச் சொல்லித்தரும் தோர்னிகேவுக்கு இருபத்து மூன்று.

திபிலிசியின் ஓரம், கல்தானி.
ஒன்பது மாடிக்குக் காசு கேட்கும் லிஃப்ட்.
ஏற இருபது தெத்ரி,
இறங்க இலவசம்.

முதல் வாரம் எதையும் தொட விடவில்லை.
"கேளுங்கள்" என்றான்.
கேட்டேன்.
ரிலே ஒட்டும்போது ஒரு சிக்,
பிரேக் விடும்போது ஒரு டக்.
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு மௌனம் சரி,
எவ்வளவு நோய்,
அதற்கே ஆறு நாள் போனது.

பிறகு மீட்டர்.
மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்.
இல்லையென்று நம்புகிற இடத்தில் பார்.
திரும்பவும் இருக்கிற இடத்தில்.
எதற்கு மூன்று தடவை?
"இல்லை என்று சொல்வது
செத்துப்போன மீட்டராகவும் இருக்கலாம், லாலி."
இப்படி ஒரு வாக்கியத்தை
எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

கதவுப் பூட்டைச் சோதிக்க
ஒரு சாண் ஒயரால் பாலம் போடுவோம்.
அது லிஃப்டிடம் சொல்லும் சின்னப் பொய்:
கதவு மூடியிருக்கிறது, நீ போகலாம்.
பொய்யை எடுக்க மறந்தால்
திறந்த கதவோடும் கிளம்பிவிடும்,
ஒரு காலை உள்ளே வைத்தவரோடும்.

வியாழன் இரவு. துவைக்கப் போட்ட கால்சட்டை.
பையில் இரண்டு ஒயர்.
உதறினேன். இரண்டு.
காலையில் எடுத்தது மூன்று.

கடைசி வேனைப் பிடித்துப் போய் இறங்கினேன்.
கீழே ஒரு பெண், கையில் தர்பூசணி,
காசைப் போடப் போகிறாள்.
"ஏறாதீர்கள்!"
"ஏன், இப்போதுதானே என் கணவர் மேலே போனார்?"
"ஏறாதீர்கள். யாரையும் விடாதீர்கள்."
என் முகத்தில் என்ன பார்த்தாளோ,
தர்பூசணியைக் கதவுக்கு நேரே வைத்து
பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மாடிக்கு மாடி கத்திக்கொண்டே ஏறினேன்.
மூன்றில் ஒரு நாய் பதில் சொன்னது.
ஏழில் மூச்சு நின்றது,
உட்கார்ந்தேன், எழுந்தேன்.
கூரை அறை. பிரதான சுவிட்சை இறக்கினேன்.
அவசரம் கையைப் பிடித்து இழுத்தது.
இருந்தாலும் மீட்டர்:
இருக்கிறது. இல்லை. இருக்கிறது.
அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் கைவிட்டேன்.
நீல நிறம். நான் முடுக்கிய திருகு.
நன்றாகவே முடுக்கியிருந்தேன்.

சுவிட்சை ஏற்றிக் காத்திருந்தேன்.
சிக்.
டக்.
சரியான மௌனம்.

நான் இறங்கி வரும்வரை அவள் நகரவில்லை.
தர்பூசணியோடு ஏறினாள்,
நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை.
எந்த மாடியில் நிற்கிறதென்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் தோர்னிகேவிடம் சொன்னேன்.
'சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில்
அவன் கையெழுத்துதான் இருந்தது.
சிறிது நேரம் பேசவில்லை.
பிறகு தன் பையைக் கவிழ்த்து
தன் ஒயர்களை எண்ணினான், இரண்டு முறை.
என் பயிற்சிக் குறிப்பேட்டை இழுத்து எழுதினான்:
'பிழை கண்டறிதல். ஒன்றரை மணி நேரம்.'

யாருடைய பிழை என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

"படியேறியதையும் சேர்த்தால் இரண்டு" என்றேன்.
"படிக்குக் கணக்கில்லை" என்றான்.
"மூன்றாம் மாடி நாய்க்கு?"
பதில் சொல்லாமல் சிவப்பு டேப் உருளையை நீட்டினான்.
உட்கார்ந்து சுற்றினோம்,
ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நீண்ட வால்,
பெட்டியை மூடினாலும்
வெளியே தொங்கும்படி.